வெள்ளையடிக்கும் செலவு யாருடையது?

சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்தவர்களிடம் அட்வான்ஸ் முழுதாகக் கைக்கு வந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே கழிவைச் சொல்வார்கள்: பெயிண்டிங் சார்ஜ். ஏறக்குறைய ஒரு மாத வாடகை அளவுக்கு ஒரு தொகை. குடியிருந்தது பதினொரு மாதமா ஏழு வருடமா என்பது இதில் கணக்கில் வராது. பிள்ளைகள் கிரேயானால் கிறுக்கிய சுவருக்கும், காலண்டர் ஆணி ஒன்றைத் தவிர எதுவும் ஏறாத சுவருக்கும் ஒரே தொகைதான். பல ஒப்பந்தங்களில் இது எழுதப்பட்டே இருக்கிறது. எழுதாத இடத்தில் "வழக்கம்தானே சார்" என்ற பேச்சோடு கழிந்துவிடுகிறது.

சட்டம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை முறைப்படுத்துதல் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை, பராமரிப்பு வேலைகளை இரு தரப்புக்கும் பிரித்துக் கொடுக்கிறது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, குழாய் மாற்றுவது, மின்கம்பி வேலை ஆகியவற்றோடு, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளரின் பட்டியலில் இருக்கின்றன. வாடகைதாரரின் பட்டியலில் இருப்பவை வேறு: சாக்கடை அடைப்பு, கழிப்பறை, வாஷ்பேசின், கீசர் பழுதுகள், சுவிட்சு, பிளக் பாயின்ட், பூட்டு, கைப்பிடி, உடைந்த கண்ணாடி, கொசுவலை. அன்றாடம் கைபடும் பொருள்கள் குடியிருப்பவர் பொறுப்பு, காலத்தால் மங்கும் பொருள்கள் சொந்தக்காரர் பொறுப்பு என்ற தெளிவான பார்வை இந்தப் பிரிப்புக்குப் பின்னால் இருக்கிறது.

அப்படியிருந்தும் வெள்ளையடிக்கும் செலவு வாடகைதாரர் தலையில் விழுவது ஏன்? சட்டம் தெரியாததால் என்பது பாதி விடைதான். சட்டம் தெரிந்த வாடகைதாரரும் அந்தப் பணத்தை விட்டுவிட்டுத்தான் போகிறார். சாமான் ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது, புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது, பழைய அட்வான்ஸ் இன்னும் ஓனர் கணக்கில் இருக்கிறது. அந்த நேரத்தில் எது சேதம், எது இயல்பான தேய்மானம் என்று முடிவு செய்கிறவர் பணத்தை வைத்திருப்பவரே. முன்பணத் தகராறுகளை வெவ்வேறு நாடுகள் கையாளும் விதத்தைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். சேதத்தின் இலக்கணம் எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபடுவது, வாதம் நடக்கும்போது பணம் எங்கே இருக்கிறது, நிரூபிக்க வேண்டியவர் யார் என்ற இரண்டு ஏற்பாடுகள்தான். முடிவைத் தீர்மானிப்பதும் அவையே.

முன்பணத்துக்கு வரம்பு கட்டும் முயற்சி தமிழ்நாட்டில் பழையது. 1960-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. அந்தச் சட்டம் உயிரோடு இருந்தபோதே சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வெளிப்படையாகப் புழங்கியது. நீதிமன்றங்கள் இதை அறிந்தே இருந்தன. வரம்புக்கு மேல் வாங்கிய முன்பணம் உரிமையாளரிடம் இருக்கும்போது, வாடகை பாக்கிக்காக அந்த வாடகைதாரரை வேண்டுமென்றே கட்டத் தவறியவர் என்று சொல்லி வெளியேற்ற முடியாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. வீடு பறிபோகாமல் இருக்க அந்தத் தீர்ப்பு உதவியது. காலி செய்தபின் பணத்தைத் திரும்ப வாங்க அது உதவவில்லை.

2017-ஆம் ஆண்டின் சட்டம் வரம்பை மூன்று மாத வாடகை என்று வைத்தது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய என்ற ஒரு விலக்கும் கூடவே இருக்கிறது. அந்த விலக்கின் வழியாகப் பழைய பழக்கம் வீட்டுக்குள் வந்துவிடலாம். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பது அடுத்த விதி. கழிப்பதற்கு ரசீது காட்ட வேண்டுமா, படம் எடுத்து வைக்க வேண்டுமா, தவறாகக் கழித்தால் எவ்வளவு தண்டம் என்பதையெல்லாம் அந்த விதி விவரிப்பதில்லை. மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம், மற்ற இடங்களுக்கு ஆறு மாதம் என்று எண்ணை மாற்றியது. பணம் இருக்கும் இடத்தை அதுவும் மாற்றவில்லை.

இந்தப் பணத்தின் அளவை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். மாத வாடகை 20,000 ரூபாய், பத்து மாத அட்வான்ஸ் 2 லட்சம். வைப்புநிதி வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 14,000 ரூபாய் வாடகைதாரர் இழக்கிறார். ஐந்து ஆண்டுகளில் 70,000. இது கண்ணுக்குத் தெரியாத கூடுதல் வாடகை. காலி செய்யும்போது பெயிண்டிங் சார்ஜாக 20,000 கழிப்பது இந்த இழப்புக்கு மேல் வருவது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கும் ஒரு குடும்பத்தின் 2 லட்சம், வட்டியில்லாமல் இன்னொரு குடும்பத்திடம் இருக்கிறது என்பது சின்ன விஷயமல்ல.

உரிமையாளர் தரப்பை இதே அக்கறையோடு பார்க்க வேண்டும். சென்னையில் வாடகைக்கு விடுபவர்களில் பலர் மாடிப் போர்ஷன் ஒன்றை மட்டும் விட்டு அந்த வருமானத்தில் காலம் தள்ளும் ஓய்வுபெற்றவர்கள், வங்கிக் கடன் தவணை கட்டுபவர்கள். அவர்களுக்குக் கிடைத்த அட்வான்ஸ் ஏற்கெனவே வீட்டு வேலையிலோ கடன் அடைப்பிலோ போய்விட்டிருக்கும். "புது ஆள் வந்ததும் தர்றேன் சார்" என்று அவர்கள் சொல்வது பல வேளை உண்மை. அடுத்து வருபவரின் அட்வான்ஸ்தான் முன்னவருக்குத் திரும்புகிறது. வாடகையே தராமல் மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர், மின்கட்டணத்தைக் கட்டாமல் போனவர், குளியலறைக் குழாயை உடைத்துவிட்டு மறைத்தவர் என்று அவர்களிடமும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. நீதிமன்றம் போனால் வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும் என்ற அச்சத்தில்தான் பத்து மாதப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். நீதி தாமதமாகும் ஊரில் அட்வான்ஸ் பெரிதாகத்தான் இருக்கும்.

அட்வான்ஸ் திரும்பி வராது என்று அஞ்சும் வாடகைதாரரோ முந்திக்கொள்கிறார். "கடைசி மூணு மாசத்த அட்வான்ஸ்லயே கழிச்சுக்கங்க" என்று வாடகையை நிறுத்திவிடுகிறார். மூன்று மாத வரம்பை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஓனரிடம் இப்படிச் செய்தால், காலி செய்யும் நாளில் அவர் கையில் பைசா மிஞ்சாது. உண்மையிலேயே கதவு உடைந்திருந்தால், மின்பாக்கி இருந்தால், ஈடு கட்ட எதுவும் இல்லை. இதை ஒருமுறை பட்டவர் அடுத்த முறை அதிக அட்வான்ஸ் கேட்கிறார். இப்படி ஒருவர் பயம் இன்னொருவர் பயத்தை வளர்க்கிறது. வரம்பை மட்டும் குறைக்கும் சட்டம் இந்தச் சுழலைத் தொடுவதேயில்லை.

தேய்மானம் பற்றிய சட்டக் கருத்து நமக்குப் புதிதல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில், வாடகைதாரர் சொத்தை எப்படிப் பெற்றாரோ அப்படியே திருப்பித் தர வேண்டும் என்கிறது. நியாயமான தேய்மானத்தாலும் தடுக்க முடியாத சக்தியாலும் வரும் மாற்றங்களுக்கு விலக்கு. ஆனால் அந்தப் பிரிவு தொடங்கும்போதே, இதற்கு மாறான ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாதபோது என்று சொல்லிவிடுகிறது. பெயிண்டிங் சார்ஜுக்கு ஆதரவாக வாதாட விரும்புபவருக்குப் பிடிமானம் இங்கே இருக்கிறது. ஊர் வழக்கம் என்று சொல்லிவிடலாம்.

அதற்கு எதிர்வாதமும் இந்தியச் சட்டத்திலேயே இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் இழப்பீட்டுத் தொகை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும், குறித்த தொகை அதன் உச்சவரம்பு என்கிறது. செலுத்திய முன்பணத்தைப் பறிமுதல் செய்வதற்கும் இந்தக் கொள்கை பொருந்தும் என்று 1963-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. இழப்பே ஏற்படாத இடத்தில் இழப்பீடு இல்லை என்று 2015-இல் அதே நீதிமன்றம் இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அந்த வழக்குகள் வாடகை வீட்டைப் பற்றியவை அல்ல. நிலம் வாங்குவது விற்பது பற்றியவை. ஆனாலும் நியாயம் ஒன்றே என்பது என் வாசிப்பு. ஏழு வருடம் பழகிய சுவருக்கு மறுபடி வெள்ளையடிப்பது எப்படியும் நடக்க வேண்டிய வேலை. அதை வாடகைதாரரால் வந்த இழப்பாகக் காட்டுவது கடினம்.

எது தேய்மானம் என்பதற்கு ஊரின் காற்றும் தண்ணீரும் பதில் சொல்ல வேண்டும். பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ கடலைப் பார்த்த பால்கனியின் இரும்புக் கம்பி துருப்பிடித்தால் அதற்குக் காரணம் உப்புக்காற்று. போர்வெல் தண்ணீர் வரும் வீட்டில் குழாயும் ஷவரும் வெள்ளை உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஓதம் ஏறிய சுவரில் டிஸ்டெம்பர் உரிந்து கொட்டும். இவை எதிலும் குடியிருப்பவர் கைவண்ணம் இல்லை. சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருப்பது இடைப்பட்ட நிலை. தினமும் சமைப்பது வீட்டின் இயல்பான பயன்பாடு. ஆண்டுக்கணக்கில் ஒருமுறைகூடத் துடைக்காமல் விட்டது கவனக்குறைவு. கிரானைட் மேடை உடைந்திருந்தால் அது சேதம், ஐயமில்லை. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1958-ஆம் ஆண்டு வழக்கொன்றில் வகுத்த கோடும் இதுதான்: குடியிருப்பவரின் நியாயமான பயன்பாட்டாலும் இயற்கைச் சக்திகளின் இயல்பான வேலையாலும் வருவது தேய்மானம்.

உண்மையிலேயே சேதம் இருந்தாலும், எவ்வளவு கழிக்கலாம் என்ற கேள்வி தனியாக நிற்கிறது. புதுப்பொருளின் முழு விலையைக் கேட்க முடியாது. பழைய பொருளுக்குப் பதிலாகப் புதுப்பொருள் கிடைத்தால் உரிமையாளர் முன்பைவிட நல்ல நிலைக்கு வந்துவிடுகிறார், அது இழப்பீடு அல்ல, லாபம். பொருளின் ஆயுளில் மிச்சமிருந்த பங்குக்கு மட்டுமே ஈடு கேட்கலாம் என்ற கணக்கை இங்கிலாந்தின் தகராறு தீர்ப்பாளர்கள் நாள்தோறும் போடுகிறார்கள். நம் வீட்டுக்கு அதைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு எமல்ஷன் அடிக்க 40,000 ரூபாய், அதன் ஆயுள் ஐந்து ஆண்டு என்று கொள்வோம். மூன்று ஆண்டு குடியிருந்த குடும்பத்தின் குழந்தை எல்லாச் சுவரையும் கிறுக்கிவிட்டது என்றாலும், மிச்ச ஆயுள் இரண்டு ஆண்டு, அதற்கான பங்கு 16,000. நான்கு அறைகளில் ஒன்றில் மட்டும் கிறுக்கியிருந்தால் 4,000. ஆறு ஆண்டு குடியிருந்திருந்தால் பூஜ்யம். இந்தக் கணக்கைச் சென்னையில் காலி செய்யும் நாளில் யாராவது போட்டால், பல பேச்சுவார்த்தைகள் சண்டையாகாமலே முடிந்துவிடும்.

இங்கிலாந்திலும் 2007-க்கு முன்பு நிலைமை நம்முடையதைப் போலத்தான் இருந்தது. முன்பணம் உரிமையாளர் அல்லது ஏஜென்ட் கணக்கில் கிடந்தது. காரணமில்லாமல் பிடித்துவைக்கப்பட்டதாகக் குடிமக்கள் ஆலோசனை மையங்களில் புகார்கள் குவிந்தன. 1998-இல் அந்த மையங்களின் அமைப்பு இதைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது. சோதனைத் திட்டம், விவாதம் என்று சில ஆண்டுகள் போனபின், 2004-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் முன்பணப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. 2007 ஏப்ரல் 6 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர் வாங்கிய முன்பணத்தை அரசு அங்கீகரித்த திட்டமொன்றில் ஒப்படைக்க வேண்டும், அல்லது தானே வைத்துக்கொண்டு அதற்குக் காப்பீட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். இப்போதைய கெடு 30 நாள். தவறினால் முன்பணத்தைப் போல ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் தண்டம் விதிக்கலாம்.

தண்டத்தைவிட முக்கியமானது தகராறு தீர்க்கும் முறை. இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால், விசாரணை மண்டபத்துக்குப் போகாமல், ஆவணங்களை மட்டும் படித்து ஒரு சுயேச்சையான தீர்ப்பாளர் முடிவு சொல்வார். கட்டணம் இல்லை. முன்பணம் வாடகைதாரரின் பணம் என்ற இடத்திலிருந்து அவர் தொடங்குகிறார். கழிக்க விரும்புபவர்தான் நிரூபிக்க வேண்டும். குடியேறிய நாளில் எழுதிய பொருட்பட்டியல், தேதியிட்ட படங்கள், காலி செய்த நாளின் அறிக்கை, ரசீதுகள் எல்லாம் வேண்டும். தொடக்கத்தில் வீடு எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால், இறுதியில் அது எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் உரிமையாளர் தோற்க நேரும். இந்த ஒரே காரணத்தால், வீட்டைப் பார்த்துக் குறிப்பெடுத்துத் தருவது அங்கே தனித் தொழிலாக வளர்ந்தது. தகராறுகளில் அடிக்கடி எழுவது சுத்தம் செய்யும் செலவுதான், உடைந்த பொருள் அல்ல என்பதும் இந்தத் திட்டங்களின் அனுபவத்திலிருந்து தெரிய வந்தது.

பணத்தை ஒப்படைக்கும் வகைத் திட்டத்துக்கு உரிமையாளர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. சேர்ந்திருக்கும் முன்பணங்களுக்கு வரும் வட்டியிலிருந்தே திட்டத்தை நடத்தும் செலவு கிடைக்கிறது. நம் ஊரில் இப்படி ஒன்றைச் சொன்னால், யார் செலவழிப்பது என்ற கேள்விதான் முதலில் வரும். அதற்கான விடை அந்தப் பணத்துக்குள்ளேயே இருக்கிறது.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு சட்டம். மாசசூசெட்ஸ், முன்பணத்தைத் தனியான, வட்டி தரும் வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறது. உரிமையாளரின் சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது. வீட்டின் நிலையை எழுதி வாடகைதாரரிடம் தர வேண்டும். மீறினால் மூன்று மடங்கு தர வேண்டி வரலாம். கலிபோர்னியா பணத்தை உரிமையாளரிடமே விட்டுவிட்டுக் கெடுவையும் ஆதாரத்தையும் இறுக்கியது. காலி செய்த 21 நாளுக்குள் ஒவ்வொரு கழிவையும் தனித்தனியாக எழுதி மீதியைத் தர வேண்டும். பழுதும் சுத்தமும் 125 டாலரைத் தாண்டினால் ரசீது இணைக்க வேண்டும். கெட்ட எண்ணத்தோடு பிடித்துவைத்தால் முன்பணத்தைப் போல இரு மடங்கு வரை தண்டம். காலி செய்யுமுன் ஒரு பார்வையிடல் கேட்டு, குறைகளைத் தானே சரிசெய்துகொள்ள வாடகைதாரருக்கு வாய்ப்பும் உண்டு. 2025 ஏப்ரல் முதல், வீடு காலியானதும் உரிமையாளர் படம் எடுத்தாக வேண்டும். அந்த ஆண்டு ஜூலை முதல் தொடங்கும் குடியிருப்புகளுக்குக் குடியேறும் நேரத்துப் படமும் கட்டாயம். கைப்பேசி எல்லோரிடமும் இருக்கும் காலத்தில் இதைவிட மலிவான ஆதாரம் இல்லை.

படம் கைவிடும் இடம் ஒன்று உண்டு. செல்லப்பிராணிகள் வாழ்ந்த வீடு அது. பூனையின் சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியாவாக்கும். அந்த நெடி கழுவினால் போகும். யூரிக் அமில உப்புகள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. அவை கார்பெட்டின் அடிப்பஞ்சிலும் மரத்தளத்தின் இடுக்கிலும் தங்கி, காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் மறுபடி மணக்கும். புற ஊதா விளக்கு அடித்தால் கறை ஒளிரும். சாதாரணப் படத்தில் எதுவும் தெரியாது. தெள்ளுப்பூச்சியின் கூட்டுப்புழு மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து, புதுக் குடித்தனம் வந்து நடமாட்டம் தொடங்கியதும் வெளியே வரும். நாற்றமும் பூச்சியும் பழைய வாடகைதாரர் பணத்தை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் தெரியும் என்ற அச்சமே, மேலைநாட்டு உரிமையாளர்களைச் செல்லப்பிராணிக்கென்று தனி முன்பணம் கேட்க வைத்தது. கார்பெட் விரித்த வீடுகளின் பண்பாட்டிலிருந்து வந்த ஏற்பாடு அது.

சென்னை வீடு வேறு மாதிரி. விட்ரிஃபைட் டைல்ஸில் நாயின் நகம் கீறாது, கழுவினால் சுத்தமாகும். பழைய வீடுகளின் மொசைக்கிலும் ரெட் ஆக்சைடு தரையிலும் கறை ஊறலாம், பளிங்கு மெருகிழக்கலாம். பெரும்பாலும் அடிபடுவது கதவின் கீழ்ப்பகுதி, சன்னல் கொசுவலை, நிலைக்கட்டையின் முனை ஆகியவைதான். இவற்றின் செலவை முன்கூட்டியே கணக்கிட முடியும். அப்படியிருக்க, நாய் வைத்திருப்பவரிடம் வாய்மொழியாக ஒரு மாத அட்வான்ஸ் கூடுதலாகக் கேட்பதும், வீடே இல்லை என்று மறுப்பதும், சேதத்தைக் கணக்கிட்டு எடுத்த முடிவுகள் அல்ல. குரைப்பு, பக்கத்து வீட்டாரின் முகச்சுளிப்பு, லிஃப்டில் நாய் வருவது பற்றிய சங்கச் சண்டை ஆகியவைதான் உண்மையான கவலை. முன்பணத்தால் தீராத கவலைகள் அவை.

மேலைநாட்டுச் சட்டங்கள் செல்லப்பிராணி முன்பணத்தை ஒடுக்கிய விதத்தில் நமக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைந்த வீடுகளுக்கு மொத்த முன்பணமே ஐந்து வார வாடகைக்குள் இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல் ஒரு மாத வாடகை, சிறு உரிமையாளர்களுக்கு மட்டும் இரண்டு. நாய்க்கோ பூனைக்கோ வாங்குவதும் இதற்குள் அடங்க வேண்டும். திரும்பத் தராத முன்பணம் என்று ஒன்று வாங்கவே கூடாது. வாடகைதாரரைக் காக்கும் விதிகள்தான். ஆனால் உரிமையாளர்கள் உடனே வேறு வழி கண்டார்கள்: செல்லப்பிராணி வாடகை என்று மாதாமாதம் ஒரு தொகை. மாதம் 50 டாலர் என்று கொண்டால் இரண்டு ஆண்டில் 1,200 டாலர். பூனை ஒரு கீறல்கூடப் போடாவிட்டாலும் அது திரும்பாது. கீறல் விழுந்தாலோ அதற்கு முன்பணத்திலிருந்தும் கழியும். திரும்பி வரக்கூடிய பணம் திரும்பாத பணமாக மாறியதுதான் மிச்சம்.

செல்லப்பிராணிக்குத் தனி முன்பணம் வேண்டுமா என்ற கேள்வி இங்கிலாந்தில் 2025-இல் மறுபடி எழுந்தது. அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம், செல்லப்பிராணி வளர்க்க அனுமதி கேட்கும் உரிமையை வாடகைதாரருக்குத் தந்தது. நியாயமான காரணமின்றி உரிமையாளர் மறுக்க முடியாது. சேதத்துக்குக் காப்பீடு எடுக்கச் சொல்லலாம் என்ற பிரிவு மசோதாவில் முதலில் இருந்து, பிறகு நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக மூன்று வார வாடகை அளவுக்குத் தனி முன்பணம் வாங்கலாம் என்று பிரபுக்கள் சபை திருத்தம் கொண்டுவந்தது. ஐந்து வார முன்பணமே போதும் என்றது அரசு. மக்களவை திருத்தத்தை ஏற்கவில்லை. என் பார்வையில், பாதுகாப்புத் திட்டத்தில் ஒப்படைக்கப்பட்டு, நிரூபித்தால் மட்டுமே கழிக்கக் கூடிய தனி முன்பணம், மாதாமாதம் கரையும் செல்லப்பிராணி வாடகையைவிட வாடகைதாரருக்கு நல்லது. பணம் மூன்றாம் கையில் இருக்கும் நாட்டில் தொகையின் அளவு அவ்வளவு பெரிய ஆபத்தல்ல.

உதவி விலங்குகளின் நிலை வேறு. பார்வையற்றவரின் வழிகாட்டி நாய் போன்றவற்றை அமெரிக்கக் கூட்டாட்சி வீட்டுவசதிச் சட்டம் செல்லப்பிராணியாகவே கருதுவதில்லை. அவற்றுக்கு முன்பணமோ கட்டணமோ கேட்கக் கூடாது. உண்மையில் சேதம் ஏற்பட்டால், மற்ற எல்லோரிடமும் சேதத்துக்கு வாங்கும் வழக்கம் இருந்தால், அதை மட்டும் வாங்கலாம். சாத்தியமான சேதத்துக்கு முன்கூட்டித் தண்டிக்காமல், நடந்த சேதத்துக்கு மட்டும் பொறுப்பேற்கச் செய்யும் இந்தக் கொள்கை எல்லா வாடகைதாரருக்கும் பொருந்தக்கூடியது.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஓரளவு இருக்கிறது. 2017 சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதிவு இணையவழி நடக்கிறது. அந்தப் பதிவோடு வீட்டின் நிலை அறிக்கையையும் படங்களையும் இணைக்கச் சொல்வதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒவ்வோர் அறையின் சுவர், தரை, கதவு, குழாய், மின்மீட்டர் எண், கடைசியாக வர்ணம் பூசிய மாதமும் ஆண்டும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வர்ணம் பூசிய தேதி அதில் இருந்தாலே போதும். பெயிண்டிங் சார்ஜ் பற்றிய பெரும்பாலான வாதங்களுக்கு எண்கணிதத்தில் விடை கிடைத்துவிடும்.

முன்பணத்தை மூன்றாம் கைக்கு மாற்றுவது இதைவிடக் கடினம். மேலே சொன்ன ஓய்வுபெற்ற ஓனர் ஏற்கெனவே செலவழித்துவிட்ட 2 லட்சத்தை ஒரே நாளில் ஒரு கணக்கில் போடச் சொன்னால் அவரால் முடியாது. அதனால் புதிதாகத் தொடங்கும் ஒப்பந்தங்களிலிருந்து, மூன்று மாத வரம்புக்குள் வாங்கும் தொகைக்கு மட்டும் இதைத் தொடங்க வேண்டும். பதிலுக்கு அவருக்கும் ஓர் உறுதி வேண்டும்: வாடகை பாக்கியோ நிரூபிக்கப்பட்ட சேதமோ இருந்தால், ஆவணங்களைப் பார்த்து வாடகை அதிகாரி ஒரு மாதத்துக்குள் அந்தக் கணக்கிலிருந்து பணத்தை விடுவிக்க வேண்டும். அந்த உறுதி நடைமுறையில் நிற்கும் என்று தெரிந்தால் அவர் பத்து மாதம் கேட்பதற்கான காரணம் குறையும். கடைசி மூன்று மாத வாடகையை நிறுத்திவைக்க வாடகைதாரருக்கும் காரணம் இருக்காது.

அதுவரை, நாயோடு வீடு தேடுபவரும் அவருக்கு வீடு தரத் துணிபவரும் பதினொரு மாத ஒப்பந்தத்தில் சில வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கூடுதல் தொகை வாங்கினால் அது செல்லப்பிராணியால் வரும் சேதத்துக்கு மட்டும், மீதி திரும்பத் தரப்படும் என்று எழுதலாம். கதவு, கொசுவலை, தரை ஆகியவற்றின் இன்றைய நிலையையும் வயதையும் குறிக்கலாம். காலி செய்வதற்குப் பதினைந்து நாள் முன்பு இருவரும் சேர்ந்து பார்ப்பது, பழுதைச் சரிசெய்யும் முதல் வாய்ப்பு வாடகைதாரருக்கு, மீதிக்கு ரசீதோடு கழிவு என்று வரிசைப்படுத்தலாம். நாற்றம் பற்றிய ஐயம் இருந்தால் அந்தப் பார்வையிடலின்போதே சன்னல்களை மூடிவைத்துச் சோதித்து, கண்டதை அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பணம் கைமாறிய பிறகு எழும் புகாருக்கு இருவரிடமும் ஆதாரம் இருக்காது.